கடை சர்வருக்கும் வேண்டும் மூன்று கட்ட எச்சரிக்கை
வணிகர்களுக்கான கணிப்பொறிப் பாடம்



வைகை அணையின் மொத்த உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை கொடுக்கிறார்கள். 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் இந்த அறிவிப்பு போய்ச் சேருகிறது. அணை நிரம்பி வழிந்த பிறகு கொடுப்பது எச்சரிக்கை அல்ல, வெறும் செய்தி. ஐந்து அடி மிச்சம் இருக்கும்போதே கொடுப்பதால்தான் மக்கள் ஆடுமாடுகளை மேடேற்றவும், மோட்டாரைக் கழற்றவும் அவகாசம் கிடைக்கிறது.

மழைக்காலத்தில் நாம் தினமும் பத்திரிகையில் பார்க்கும் இந்த மூன்று எண்களில் நமது கடைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கடையின் பின்னறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரும் திடீரென்று படுத்துவிடுவதில்லை. பெரும்பாலான சமயங்களில், பல நாட்களுக்கு முன்பே அது தன் நிலையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் குறை. அந்தக் குறையை எப்படி நீக்குவது என்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். கம்ப்யூட்டர் படிப்பு படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பேரேடு பார்க்கத் தெரிந்தவர் எவரும் புரிந்துகொள்ளலாம்.

சர்வர் நின்றால் என்ன நிற்கும்?

நமது வட்டாரத்தில் ஏலக்காய் வியாபாரம் கணிப்பொறிக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பைசஸ் போர்டு போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் புற்றடியிலும் 2007-ம் ஆண்டில் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில், இரண்டு மையங்களில் இருப்பவர்களும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும் கிளவுட் முறை தொடங்கப்பட்டது. அன்று முதல், போடியில் விலை கேட்பவருக்கும் புற்றடியில் விலை கேட்பவருக்கும் நடுவில் நிற்பது சர்வரும் இணைப்புக் கம்பியும்தான்.

ஏலத்தில் எடுத்த சரக்கு வடமாநிலத்துக்குப் புறப்பட வேண்டுமானால் பில் வேண்டும், ஈ-வே பில் வேண்டும். ஆண்டு வர்த்தகம் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு, மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்னணு இன்வாய்சும் கட்டாயம். மாதந்தோறும் கணக்கு அனுப்பும் கடைசித் தேதிகள் வேறு இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, நமது பில்லிங் கணக்கு இருக்கும் சர்வர். அது மாலை 4 மணிக்கு நின்றால், லாரி நிற்கும். லாரி நின்றால் டிரைவர் படி, காத்திருப்புக் கூலி, வாங்கியவரின் கோபம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். வாழைத்தாரும் பன்னீர் திராட்சையும் அனுப்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம். ஏலக்காய் ஒரு நாள் காத்திருக்கும், பழம் காத்திருக்காது.

அரசின் இணையதளமே திணறுவதும் உண்டு. ஈ-வே பில் முறை 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கியபோது, முதல் நாளே பாரம் தாங்காமல் தளம் திணறியது. கட்டாயமாக்கும் தேதி தள்ளிவைக்கப்பட்டு, ஏப்ரல் 1 முதல்தான் மாநிலங்களுக்கிடையே அமலுக்கு வந்தது. அதை நாம் சரி செய்ய முடியாது. ஆனால் நம் கடைச் சர்வர் நம் கையில் இருப்பது.

லினக்ஸ் எங்கே இருக்கிறது?

1991-ம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். இன்று உலகின் இணையச் சர்வர்களில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோசுடன் அதுவும் இருந்தது. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் புதிதல்ல.

டாலி போன்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள் "எங்கள் கடையில் விண்டோஸ்தானே" என்பார்கள். இருக்கலாம். ஆனால் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் இணையவழி பில்லிங், கோப்புகளைச் சேமித்து வைக்கும் நெட்வொர்க் பெட்டி, கேமரா பதிவுப் பெட்டி, ரவுட்டர் இவற்றுக்குள் பெரும்பாலும் லினக்ஸ்தான். சர்வர் கடையிலேயே இருந்தாலும், வாடகைக்கு எடுத்த கிளவுடில் இருந்தாலும் கீழே சொல்லப்படும் முறை ஒன்றே.

முதல் பாடம்: சேவை என்றால் என்ன?

ஒரு கமிஷன் மண்டியில் எடை போடுபவர், பில் போடுபவர், கல்லாவில் இருப்பவர், கணக்குப்பிள்ளை, வாட்ச்மேன் என்று ஆளுக்கொரு வேலை. சர்வருக்குள்ளும் அப்படித்தான். கணக்குகளைக் காப்பது டேட்டாபேஸ் சேவை. திரையில் பில் பக்கத்தைக் கொண்டுவருவது வெப் சேவை. இரவில் நகல் எடுப்பது ஒரு சேவை. கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது ஒரு சேவை. இவர்கள் அனைவருக்கும் மேஸ்திரி போல் இருப்பது சிஸ்டம்-டி என்ற நிரல். சிஸ்டம்-சி.டி.எல். என்ற கட்டளை மூலம் "இன்னார் வேலையில் இருக்கிறாரா?" என்று மேஸ்திரியிடம் கேட்கலாம். பதில் "ஆக்டிவ்" என்றோ "ஃபெயில்ட்" என்றோ வரும்.

இங்கே மூன்று படிகளைப் பிரித்து அறிவது அவசியம்.

ஒன்று, மெஷின் உயிரோடு இருக்கிறதா? கடையில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது போல.

இரண்டு, சேவை ஓடுகிறதா? கணக்குப்பிள்ளை நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்ப்பது போல.

மூன்று, வேலை நடக்கிறதா? நாற்காலியில் இருப்பவர் விழித்திருக்கிறாரா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது போல.

பலர் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். பச்சை விளக்கு எரிகிறது, ஆகவே சர்வர் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். இரண்டாம் படியும் போதாது. மேஸ்திரி "ஆக்டிவ்" என்று சொல்லும்போதே டேட்டாபேஸ் திணறிப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடும். மூன்றாம் படிதான் உண்மையான சோதனை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பில்லிங் பக்கத்தைத் தானாகவே திறந்து, ஒரு பழைய பில்லைக் கேட்டு, எத்தனை விநாடியில் பதில் வந்தது என்று குறித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். வழக்கமாக ஒரு விநாடியில் வரும் பதில் எட்டு விநாடி எடுத்துக்கொண்டால், சர்வர் இன்னும் நிற்கவில்லை, ஆனால் நிற்கப் போகிறது என்று பொருள்.

விழுந்த சேவையை மேஸ்திரியே மறுபடி எழுப்பிவிடும்படி அமைக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு சேவை தினமும் நான்கு முறை விழுந்து எழுந்தாலும் வெளியே தெரியாது. அடுத்தடுத்து விரைவாக விழுந்துகொண்டே இருந்தால் மேஸ்திரி ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். ஆகவே, விழுந்ததா என்று பார்ப்பதோடு எத்தனை முறை விழுந்தது என்றும் எண்ண வேண்டும்.

இரண்டாம் பாடம்: லாக் என்பது சர்வரின் சிட்டை

நம் முன்னோர்கள் சரக்கு வந்ததும் போனதும் அப்போதைக்கப்போது சிட்டையில் எழுதினார்கள். பிறகுதான் பேரேட்டுக்கு ஏற்றினார்கள். கணக்கில் வித்தியாசம் வந்தால் சிட்டையை எடுத்துத் தேதிவாரியாகப் பார்ப்பது வழக்கம். சர்வரும் இதையே செய்கிறது. ஒவ்வொரு சேவையும் தான் செய்ததையும், செய்ய முடியாமல் போனதையும் நேரத்தோடு எழுதி வைக்கிறது. அதுவே லாக். வார் என்ற அடைவுக்குள் லாக் என்ற அடைவில் இந்தச் சிட்டைகள் இருக்கும். மேஸ்திரியின் சிட்டையைத் தனியாகப் படிக்க ஜர்னல்-சி.டி.எல். என்ற கட்டளை இருக்கிறது.

ஒரு வரியில் நான்கு விஷயங்கள் இருக்கும்: நேரம், மெஷினின் பெயர், எந்தச் சேவை, என்ன நடந்தது. உதாரணத்துக்கு, "காலை 10.42 – மண்டி சர்வர் – கெர்னல் – நினைவகம் தீர்ந்தது, டேட்டாபேஸ் நிறுத்தப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், 10.43-க்கு பில் வராமல் போனதன் காரணம் அதிலேயே இருக்கிறது. நினைவகம் முழுவதும் தீர்ந்தால் லினக்ஸ் மற்றவற்றைக் காப்பாற்ற, அதிக இடம் பிடித்திருக்கும் ஒன்றை நிறுத்திவிடும். கடைச் சர்வரில் அதிக இடம் பிடிப்பது பெரும்பாலும் டேட்டாபேஸ்தான்.

லாக் செய்திகளின் தீவிரத்தைப் பூஜ்யம் முதல் 7 வரை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 1980-களில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் என்ற முறையிலிருந்து வந்த வழக்கம் இது. பூஜ்யம் என்றால் மெஷின் பயன்படுத்தவே முடியாத நிலை. 3 என்றால் பிழை, 4 என்றால் எச்சரிக்கை, 6 என்றால் வெறும் தகவல். வணிகர் எல்லா வரிகளையும் படிக்க வேண்டியதில்லை. பூஜ்யம் முதல் 3 வரை உள்ளவற்றைத் தினமும், 4-ம் எண்ணை வாரம் ஒரு முறையும் பார்த்தால் போதும்.

இதில் ஒரு பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். சர்வர் திணறியதும் முதல் காரியமாக அணைத்துப் போடுவது. அணைத்துப் போட்டால் பல சமயம் ஓடும். ஆனால் சில லினக்ஸ் அமைப்புகளில் மேஸ்திரியின் சிட்டை தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருக்கும், அணைத்ததும் அழிந்துவிடும். காரணம் தெரியாமலே போய், மறுவாரம் அதே தொல்லை திரும்ப வரும். ஆகவே சிட்டை வட்டில் நிலையாகப் பதியும்படி அமைத்திருக்கிறதா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். அணைக்கும் முன் கடைசி இருநூறு வரிகளையாவது ஒரு கோப்பில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சிட்டையை எத்தனை நாள் வைக்க வேண்டும்? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் கணிப்பொறி லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தாக்குதல் போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கம்பெனி சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும். இவை தங்கள் நிறுவனத்துக்கு எந்த அளவில் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டறிக.

மூன்றாம் பாடம்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம்

அணைச் செய்தியில் நீர்மட்டத்தை மட்டும் போடுவதில்லை. விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, எத்தனை கன அடி போகிறது என்பதையும் சேர்த்தே போடுகிறார்கள். மட்டம் 66 அடி இருந்தாலும் வரத்து குறைவாக இருந்தால் பயமில்லை. 60 அடி இருந்து, வரத்து பெருக்கெடுத்தால் கவனம் வேண்டும். சர்வரின் வட்டுக்கும் இதே கணக்குதான்.

240 ஜி.பி. வட்டு ஒன்றில் 168 ஜி.பி. நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 70 சதவீதம். தினமும் 2.4 ஜி.பி. சேருகிறது என்றால் நாளுக்கு ஒரு சதவீதம். இன்னும் 30 நாளில் நிரம்பும். அவசரமில்லை. ஆனால் ஏதோ ஒரு சேவை பழுதாகி, அதே பிழையை ஓயாமல் சிட்டையில் எழுதத் தொடங்கி, மணிக்கு ஒரு ஜி.பி. சேர்ந்தால்? மிச்சமுள்ள 72 ஜி.பி. மூன்றே நாளில் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் திங்கட்கிழமை மாலை கடை நிற்கும். வட்டு நிரம்பினால் டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றுவிடும்.

ஆகவே மூன்று கட்டம் வைப்போம். 70 சதவீதத்தில் முதல் கட்டம்: கணக்குப்பிள்ளைக்குத் தகவல், வாரக் கடைசியில் பார்க்கலாம். 85-ல் இரண்டாம் கட்டம்: டெக்னீஷியனுக்குப் போன், அன்றே பார்க்க வேண்டும். 95-ல் மூன்றாம் கட்டம்: முதலாளிக்கே தகவல், வேலையை நிறுத்தி இடம் ஒழிக்க வேண்டும். இந்த எண்கள் எழுதி வைத்த சட்டமல்ல. தங்கள் வரத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். வட்டின் மட்டத்தைப் பார்க்க டி.எஃப். என்ற இரண்டெழுத்துக் கட்டளை போதும்.

வெளியேற்றம் என்பது லாக்-ரொட்டேட் என்ற நிரல். பழைய சிட்டைகளைக் குறித்த நாளில் சுருக்கிக் கட்டி, காலம் கடந்ததை அகற்றுவது அதன் வேலை. அந்த மதகு திறந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

இடம் ஒழிக்கிறேன் என்று கையில் கிடைத்ததை அழிப்பது பெரும் ஆபத்து. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேசில், தன் கணக்கைக் காத்துக்கொள்ள அது வைத்திருக்கும் அடைவின் பெயரில் முன்பு "லாக்" என்ற சொல் இருந்தது. சாதாரணச் சிட்டை என்று நினைத்து உலகெங்கும் பலர் அதை அழித்து, மொத்தக் கணக்கையும் கெடுத்துக்கொண்டார்கள். அதனாலேயே 2017-ல் வந்த பத்தாம் பதிப்பில் அந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள். எது கழிவு, எது அஸ்திவாரம் என்று தெரியாமல் எதையும் அழிக்கக் கூடாது.

நான்காம் பாடம்: பார்க்க வேண்டிய மற்ற ஐந்து

1. பாரம். அப்டைம் என்ற கட்டளை மூன்று எண்களைக் காட்டும். கடைசி 1, 5, 15 நிமிடங்களின் சராசரிப் பாரம் அவை. நான்கு கோர் உள்ள மெஷினில் 4 என்றால், நான்கு எடைக்காரர்களும் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 12 என்றால் எட்டுப் பேர் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு நிமிட எண் மட்டும் ஏறினால் விட்டுவிடலாம். 15 நிமிட எண்ணும் ஏறி நின்றால் கவனிக்க வேண்டும்.

2. வட்டின் உடல்நலம். வட்டுகள் தம் பழுதைத் தாமே கணக்கு வைக்கும் முறைக்கு ஸ்மார்ட் என்று பெயர். கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், வட்டு உழைக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

3. மின்சாரம். காற்றுக்காலத்தில் நம் பள்ளத்தாக்கில் மின்தடை வருவது வழக்கம். யு.பி.எஸ். வைத்திருந்தால் போதாது, பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக முறைப்படி அணையும்படி இரண்டையும் கேபிளால் இணைத்து அமைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கடை மூடிய பிறகு, நகல் எடுத்துவிட்டு, மெயினை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

4. சான்றிதழ் தேதி. இணையவழி பில்லிங் பக்கத்தின் பூட்டுக் குறிக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அது காலாவதியானால் சேவைகள் அத்தனையும் நன்றாக இருந்தும் பக்கம் திறக்காது. பலர் பயன்படுத்தும் இலவசச் சான்றிதழான லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாள் கணக்கில் வழங்கப்பட்டு வந்தது. பொதுவாகச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சில் 47 நாளாக்க 2025-ல் முடிவு செய்திருக்கிறார்கள். கையால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற காலம் போய்விட்டது. தானாகப் புதுப்பிக்கும்படி வைத்து, 15 நாள் முன்னதாக எச்சரிக்கையும் வையுங்கள்.

5. கடிகாரம். சிட்டையின் நேரம் தவறென்றால் சிட்டையே பயனில்லை. நேரத்தில் வரும் சிறு குளறுபடி சர்வரையே சாய்க்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2012 ஜூலை 1 அன்று, நம் நேரப்படி காலை 5.30 மணிக்கு, உலகக் கடிகாரத்தில் ஒரு விநாடி கூடுதலாகச் சேர்த்தார்கள். லினக்ஸில் இருந்த ஒரு பிழையால் ரெட்டிட் போன்ற தளங்கள் திணறின. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் பயணிகள் பதிவு முறையும் பாதிக்கப்பட்டது.

ஐந்தாம் பாடம்: எச்சரிக்கை வந்து சேருமா?

இந்தப் பாடங்களில் முக்கியமானது இதுதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற பெரிய நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேசை அழித்துவிட்டார். நகல் எடுத்து வைக்கும் வழிகள் பல இருந்தன. தேடிப் பார்த்தபோது, தினமும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த நகல் எடுக்கப்படவே இல்லை. பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதாகச் சொல்லும் மின்னஞ்சல்கள் புறப்பட்டும் இருக்கின்றன. ஆனால் அஞ்சல் முறையில் இருந்த ஒரு கோளாறால் அவை வழியிலேயே நிராகரிக்கப்பட்டு, யார் கைக்கும் வந்து சேரவில்லை. எதேச்சையாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் இருந்ததால் அந்த அளவோடு தப்பினார்கள். இதை மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். எச்சரிக்கை மணி அடித்தது, ஆனால் கேட்கவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

மௌனத்தை நலம் என்று எண்ணக் கூடாது. "தவறினால் சொல்" என்பதோடு "நடந்தாலும் சொல்" என்றும் வைக்க வேண்டும். தினமும் காலை 8 மணிக்கு "நேற்றிரவு நகல் எடுத்தாயிற்று, அளவு இவ்வளவு" என்று ஒரு தகவல் வர வேண்டும். வராத நாளே எச்சரிக்கை நாள்.

காவலன் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. சர்வரே தன்னைக் கவனித்துக்கொண்டால், சர்வர் விழும்போது காவலனும் விழுவான். வேறொரு மெஷினிலிருந்தோ, வெளியூர்ச் சேவையிலிருந்தோ கவனிக்க வேண்டும்.

ஒரே வழியை நம்பக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. அன்று வாட்ஸப்பை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு எந்தத் தகவலும் வந்திருக்காது. எஸ்.எம்.எஸ். அல்லது போன் அழைப்பு இரண்டாம் வழியாக இருக்கட்டும். இணைய இணைப்புக்கும் இதுவே பொருந்தும். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வர்த்தகம் நின்று, பிற்பகல் 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கியது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தும், இரண்டிலும் ஒரே நாளில் கோளாறு. ஆகவே இரண்டு கம்பிகளும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கம்பியாகவும் மற்றொன்று செல்போன் இணைப்பாகவும் இருப்பது நல்லது.

அளவுக்கு மீறி மணி அடிக்கக் கூடாது. தினமும் நூறு தகவல் வந்தால் எவரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு பொறுப்பாளரும், அவர் செய்ய வேண்டிய ஒரு காரியமும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத எச்சரிக்கையை நிறுத்திவிடுங்கள்.

இதற்கான மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. மானிட், நாகியோஸ், ஸாபிக்ஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கடைக்கு மானிட் போன்ற சிறியதே போதும். அமைத்துக் கொடுப்பவரின் கூலி மட்டும்தான் செலவு.

ஐந்து நிமிட நோட்டு

மென்பொருள் எதுவும் இல்லாவிட்டாலும் நாளையே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நோட்டில் கோடு போட்டு ஆறு கட்டங்கள்: தேதி, வட்டு சதவீதம், 15 நிமிடப் பாரம், ஃபெயில்ட் சேவைகளின் எண்ணிக்கை, நேற்றைய நகலின் அளவு, கையெழுத்து. கடை திறந்ததும் ஒருவர் பார்த்து எழுத ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மாதம் எழுதினால் தங்கள் சர்வரின் வழக்கமான நீர்மட்டம் என்ன என்று தெரிந்துவிடும். வழக்கம் தெரிந்தவருக்குத்தான் மாற்றம் கண்ணில் படும். நகலின் அளவு நேற்று 3 ஜி.பி., இன்று 20 எம்.பி. என்றால், கணிப்பொறி தெரியாதவரும் "ஏதோ சரியில்லை" என்று சொல்லிவிடுவார்.

அத்துடன் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எடுத்து வைத்த நகலை வேறொரு மெஷினில் ஏற்றி, குறிப்பிட்ட ஒரு பில்லைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல், பணம் எடுக்க முடியாத பாஸ்புக் போன்றது.

பயிற்சிக் கேள்விகள்

கீழ்க்கண்டவற்றைத் தங்கள் டெக்னீஷியனிடம் கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளவும்.

1. நம் சர்வரில் நின்றுவிடக் கூடாத சேவைகள் எவை? பட்டியல் எங்கே?
2. வட்டு 85 சதவீதம் ஆனால் யாருக்கு, எந்த வழியில் தகவல் போகும்?
3. மெஷினை அணைத்துப் போட்டால் லாக் அழியுமா, நிற்குமா? எத்தனை நாள் லாக் இருக்கிறது?
4. கடைசியாக எந்தத் தேதியில் நகலை ஏற்றிச் சோதித்தோம்?
5. தாங்கள் ஊரில் இல்லாதபோது சர்வர் நின்றால், யாரை அழைக்க வேண்டும்? பாஸ்வேர்டு உறையிட்டு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

ஐந்துக்கும் உடனே பதில் வந்தால் தங்கள் கடை பாதுகாப்பாக இருக்கிறது. பதில் வராத கேள்வி எதுவோ, அதிலிருந்து வேலையைத் தொடங்கலாம். ஏலக்காய் சீசனும் தீபாவளி வியாபாரமும் சூடு பிடித்த பிறகு இதற்கு நேரம் கிடைக்காது. மந்தமான ஒரு வாரத்தில் டெக்னீஷியனை வரவழைத்து, மூன்று கட்ட எச்சரிக்கையையும் அமைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முறை அடிக்கச் செய்து, உரியவர் போனில் வந்து சேருகிறதா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.